35 வருஷ ஃபிளாட்: ஒட்டுப்போடறதா, முழுசா ரிப்பேரா, பில்டர்கிட்ட குடுக்கறதா, வித்துட்டுப் போறதா?

சென்னையில அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் 80கள்லயும் 90 ஆரம்பத்துலயும் கட்டின ஃபிளாட்ல இருக்கறவங்க முக்கால்வாசிப் பேருக்கு இப்ப இதே குழப்பம்தான். சீலிங்லேர்ந்து பூச்சு பொத்துனு விழுது, உள்ள கம்பி துருப்பிடிச்சு தெரியுது, மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி கீழ் வீட்டு சுவர்ல ஓதமா இறங்குது, இதுக்கு நடுவுல பில்டர்ங்க வேற இடிச்சுக் கட்டித் தரோம்னு கார்டு குடுத்துட்டுப் போறாங்க. எங்க பில்டிங்கும் 1986ல கட்டினது, கடற்கரைக்கு நடந்தே போயிடலாம், எட்டு வீடு, இதே பேச்சு ரொம்ப நாளா ஓடுது. அதுக்காகப் படிச்சது, இன்ஜினியர்ங்ககிட்ட கேட்டது, பக்கத்துத் தெருவுல நடந்ததப் பாத்தது எல்லாத்தையும் சேத்து எழுதறேன், வேற யாருக்காவது உதவும்.

மொதல்ல ஒண்ணு, கட்டடத்தோட வயச மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. மெட்ராஸ் யூனிவர்சிட்டி செனட் ஹவுஸ் 1879ல முடிஞ்சது, செங்கல்லும் சுண்ணாம்பும்தான், இன்னைக்கும் நிக்குது. மவுண்ட் ரோடு எல்ஐசி 1959ல திறந்தது, 14 மாடி, 1975ல பெரிய தீ விபத்து, அதையும் தாங்கிட்டு இப்பவும் ஆபீஸ் நடக்குது. அதே ஊர்ல திருவொற்றியூர்ல 1993 வாக்குல கட்டின குடியிருப்புல ஒரு பிளாக், 24 வீடு, 2021 டிசம்பர் 27ஆம் தேதி அப்படியே சரிஞ்சு விழுந்துது. விரிசலப் பாத்து ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் போகல. முப்பது வருஷம்கூட ஆகாத கட்டடம் அது. அதனால "முப்பத்தஞ்சு வருஷம் ஆயிடுச்சு சார், இனிமே தாங்காது"ன்னு ஒருத்தர் சொன்னாலும் நம்பாதீங்க, "அந்தக் காலத்து வேலை, இன்னும் நூறு வருஷம் நிக்கும்"னு சொன்னாலும் நம்பாதீங்க.

காங்கிரீட் கட்டடத்தோட ஆயுச தீர்மானிக்கறது உள்ள இருக்கற இரும்பு. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010ல முடிஞ்சது, அதோட கல்லுக்குள்ள துருப்பிடிக்க கம்பி கிடையாது. நம்ம ஸ்லாபுக்குள்ள இருக்கு. புது காங்கிரீட்ல காரத்தன்மை ரொம்ப அதிகம், பிஹெச் 12, 13 வரைக்கும் இருக்கும், அந்தக் காரம் இருக்கற வரைக்கும் கம்பி துருப்பிடிக்காது. ஆனா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயி அந்தக் காரத்தக் குறைச்சுட்டே வரும், கம்பி வரைக்கும் அது எட்டிடுச்சுன்னா பாதுகாப்பு போச்சு, அப்புறம் ஈரமும் காத்தும் கிடைச்சா துரு ஆரம்பிச்சுடும். துரு ஆன இரும்பு ரெண்டுலேர்ந்து ஆறு மடங்கு இடம் கேக்கும், அதுதான் உள்ளேர்ந்து தள்ளி பூச்சையும் காங்கிரீட்டையும் பெயர்த்து விடுது. இங்க ஒரு கணக்கு முக்கியம். இந்தக் கார்பனேஷன் நேர்கோட்டுல போகாது, பத்து வருஷத்துல 10 எம்எம் உள்ள போச்சுன்னா நாப்பதாவது வருஷம்தான் 20 எம்எம் போகும். 1978ல வந்த ஐஎஸ் 456ங்கற இந்திய காங்கிரீட் விதியில (கோடு) ஸ்லாபுக்குக் கம்பி மேல 15 எம்எம் காங்கிரீட் கவர் இருந்தா போதும்னு இருந்துது, அப்ப இந்த வேகத்துல போனா இருபத்திரெண்டு இருபத்திமூணு வருஷத்துல கம்பிய எட்டிடும். 2000ல கோட மாத்தினப்ப சாதாரண இடத்துக்கே 20, கடல் காத்து நேரா அடிக்கற இடத்துக்கு 45 எம்எம்னு ஏத்திட்டாங்க, காங்கிரீட்டோட பலத்தச் சொல்ற குறைஞ்சபட்ச கிரேடும் எம்15லேர்ந்து எம்20 ஆச்சு. அதாவது நம்ம தலைமுறை ஃபிளாட்டுங்க பழைய விதிய ஒழுங்கா ஃபாலோ பண்ணியிருந்தாலுமே இப்பத்த அளவுகோல்ல கம்மிதான். அப்ப போட்ட டார் ஸ்டீல் வேற, குளிர்ந்த நிலையில முறுக்கின கம்பி, இப்பத்த டிஎம்டி கம்பியவிட சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கடலோரத்துக்காரங்களுக்கு இன்னொரு எதிரி உப்பு. கடல் காத்துல வர்ற உப்பு ஒரு பக்கம், கட்டும்போதே உப்புத் தண்ணி போர்லேர்ந்து எடுத்துக் காங்கிரீட் கலந்திருந்தா அது இன்னும் மோசம், ஏன்னா அது வெளியேர்ந்து மெதுவா வர வேண்டாம், மொத நாள்லேர்ந்தே உள்ள உக்காந்திருக்கு. (கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணியில குளோரைடு, அதாவது உப்புல இருந்து வர்றது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாதுங்கறது இப்பத்த விதி.) இந்த ஒரு விஷயம் முழு முடிவையும் மாத்திடும், கீழ சொல்றேன்.

சரி, அப்ப எத வச்சு முடிவு பண்றது? டெஸ்ட் பண்ணி. இதுக்கு ஆகற செலவு, அப்புறம் வரப்போற எந்த செலவையும்விட ரொம்பக் கம்மி, ஆனா முக்கால்வாசி அசோசியேஷன்ல இதத் தவிர மத்த எல்லாம் பேசுவாங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர வச்சு பண்ணுங்க, ஐஐடி, அண்ணா யூனிவர்சிட்டி, தரமணியில இருக்கற கட்டமைப்பு ஆராய்ச்சி மையம் எஸ்இஆர்சி மாதிரி இடத்துலயும் இந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க, தனியார் லேபும் இருக்கு. ரிப்பேர் பண்ற கான்ட்ராக்டரே ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, பில்டர் சொன்னாலும் அதேதான், ரெண்டு பேருக்கும் ரிசல்ட் எப்படி வரணும்னு ஒரு விருப்பம் இருக்கு. மேற்பரப்புல தட்டிப் பாக்கற ரீபவுண்ட் ஹேமர் டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு ரிப்போர்ட் குடுத்தா பத்தாது. அல்ட்ராசோனிக் டெஸ்ட் வேணும், காங்கிரீட்டுக்குள்ள ஒலி அலை போற வேகம் செகண்டுக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல வந்தா நல்ல காங்கிரீட், அதுக்குக் கீழ வந்தா சந்தேகம். காங்கிரீட்லேர்ந்து உருளையா ஒரு துண்டு (கோர்) கட் பண்ணி நசுக்கிப் பாக்கணும். உடைச்ச இடத்துல ஃபீனால்ப்தலீன் அடிச்சா காரம் இருக்கற வரைக்கும் பிங்க் ஆகும், காரம் போன ஆழம் நிறம் மாறாம நிக்கும், கண்ணாலயே பாத்துடலாம், வீட்டுக்காரங்க எல்லாரும் நின்னு பாக்க வேண்டிய டெஸ்ட் அது. கம்பியோட மின்னழுத்தத்த அளக்கற ஹாஃப் செல் டெஸ்ட்ல காப்பர் சல்ஃபேட் எலக்ட்ரோடுல மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழ போச்சுன்னா அந்த இடத்துல துரு ஓடிட்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு. குளோரைடு டெஸ்ட்ட கண்டிப்பா கேளுங்க, தனியா கேக்கலன்னா பல பேர் பண்ண மாட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, தூண். ஸ்லாபுல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டுப் போறவங்கள விடாதீங்க, கீழ் தளத்துத் தூண், அதுவும் சம்ப் பக்கத்துல, கழிவுத் தண்ணி குழாய் ஓடற பக்கத்துல இருக்கற தூண்ல பண்ணச் சொல்லுங்க. ஸ்லாபு கெட்டா ஒரு ரூம் பிரச்சினை, தூண் கெட்டா எட்டு வீட்டுப் பிரச்சினை.

இப்ப ஒவ்வொண்ணா.

ஒட்டுப்போடறது. விழுந்த இடத்த மட்டும் மேஸ்திரிய வச்சு சிமென்ட் பூசி பெயின்ட் அடிக்கறது, ஒரு வீட்டுக்கு சில ஆயிரத்துல முடியும், யார் சம்மதமும் வேண்டாம். இதுல என்ன ஆகும்னா, துருப்பிடிச்ச கம்பி மேலயே பூசிட்டா கொஞ்ச நாள்ல மறுபடி தள்ளும். கம்பிய சுத்தம் பண்ணி ஒழுங்காவே பூசினாலும் உப்பு ஏறின ஸ்லாபுல இன்னொரு சிக்கல், ஒட்டுப்போட்ட இடத்துல துரு நின்னுடும், ஆனா அதுக்கு சுத்தி இருக்கற பழைய காங்கிரீட்டுக்குள்ள அதே கம்பி முன்னவிட வேகமா துருப்பிடிக்க ஆரம்பிக்கும். "போன வருஷம் ஹால்ல பண்ணினோம், இந்த வருஷம் அதுக்குப் பக்கத்துலயே விழுது"ன்னு சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இதுதான், எல்லா தடவையும் மேஸ்திரி மேல தப்பு இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள வேற முடிவு எடுக்கப் போறீங்க, அதுவரைக்கும் தலையில விழாம இருக்கணும்னா ஒட்டுப்போடுங்க. அதுக்கு மேல இதுல காசு போடாதீங்க.

முழு ரிப்பேர். எனக்கு இதுமேலதான் நம்பிக்கை அதிகம், தூண் நல்லா இருந்தா. ஆனா வரிசை தப்பினா எல்லாம் வீண். மொதல்ல தண்ணிய நிறுத்தணும். மொட்டை மாடியில பழைய தட்டோட்ட எடுத்துட்டு செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் புதுசா போட்டு சரிவு சரி பண்ணணும், பழைய இரும்புக் குழாய எல்லாம் பிவிசிக்கு மாத்தணும், பாத்ரூம் தளத்த உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், வெளிச்சுவத்துல முளைச்ச அரசங்கன்ன வேரோட எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் கம்பி. கெட்ட காங்கிரீட்ட கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவ முழுசா சுத்தம் பண்ணி, நாலுல ஒரு பங்குக்கு மேல தேஞ்ச கம்பிக்குப் பக்கத்துல புதுக் கம்பி சேத்து, துரு தடுப்பு பூசி, பாலிமர் மார்ட்டாரோ மைக்ரோ காங்கிரீட்டோ போடணும். கொத்தறதுக்கு முன்னாடி முட்டுக் குடுத்தாங்களான்னு பாருங்க, முட்டு இல்லாம ஸ்லாபக் கொத்த விடவே விடாதீங்க. கடைசியிலதான் பெயின்ட், அதுவும் ஆசைக்கு இல்ல, காத்தையும் உப்பையும் தடுக்கறதுக்கு. நம்ம ஊர்ல இது அப்படியே தலைகீழா நடக்குது, மொதல்ல வெளிய பளபளன்னு பெயின்ட், அதோட அசோசியேஷன் காசு தீந்துடும்.

இப்படிப் பண்ணினா வீட்டுக்குச் சில லட்சம் ஆகும், வீட்ட விட்டு ரொம்ப நாள் வெளிய போக வேண்டாம், நிலத்துல ஒரு சதுர அடிகூட போகாது. வயசானவங்க இருக்கற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டாம், எண்பது வயசு ஆனவங்கள ரெண்டு மூணு வருஷம் வாடகை வீட்டுக்குப் போங்கன்னு சொல்றது சின்னப் பேச்சு இல்ல. எங்க கீழ் வீட்டு மாமி நேராவே கேட்டாங்க, "திரும்பி வர நான் இருப்பேனாடா?"ன்னு. அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. ரிப்பேர்ல குறைன்னா லிஃப்ட் வராது, கார் பார்க்கிங் வராது, நிலநடுக்கத்துக்கு அது புதுக் கட்டடம் ஆயிடாது. 2002 வரைக்கும் சென்னை நிலநடுக்க ஆபத்துக் கணக்குல ரெண்டாவது ஜோன்ல இருந்துது, அப்புறம்தான் மூணாவதுக்கு மாத்தினாங்க, அதனால 80கள்ல கட்டினது எதுவும் இந்தக் கணக்குக்கு டிசைன் பண்ணினது இல்ல. அப்புறம், குளோரைடு ரிசல்ட் எல்லாத் தூண்லயும் மோசமா வந்தா, அதாவது கட்டும்போதே உப்பு கலந்திருந்தா, இந்த ஆப்ஷன விட்டுடுங்க. கொத்திக் கொத்திப் போட்டாலும் மிச்சம் இருக்கற காங்கிரீட்ல உப்பு இருந்துட்டேதான் இருக்கும்.

இடிச்சுக் கட்டறது. எல்லாரும் ஆசைப்படறது இதுக்குத்தான், கைக்காசு போடாம புது வீடு, லிஃப்ட், பார்க்கிங், ஷிஃப்டிங் சார்ஜ், மாசா மாசம் வாடகையும் பில்டரே குடுப்பார். முன்னாடி ஒருத்தர் முடியாதுன்னாலும் எல்லாம் நின்னு போகும், இப்ப 2022 அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்ததால மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க சம்மதிச்சா போதும். ஆனா ஃப்ரீன்னு யாரும் எதையும் குடுக்கல, அந்தக் காசு எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவ உக்காந்து கணக்குப் போட்டுப் பாருங்க.

ரெண்டு கிரவுண்டு, 4800 சதுர அடி நிலம், எட்டு வீடு, வீடு 900 சதுர அடி, மொத்தம் 7200, முன்னாடி இருந்த எஃப்எஸ்ஐ (நிலத்தப்போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற அளவு) 1.5 கணக்கு. இப்ப 2019 விதியில சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அப்ப 9600 கட்டலாம். உங்க 7200ஐ உங்களுக்கே குடுத்துட்டு பில்டர் 2400 சதுர அடிய வித்துக்குவார். சதுர அடி 15,000க்கு விக்குற ஏரியான்னா 3.6 கோடி வரும். 9600 கட்ட சதுர அடிக்கு 2800 வச்சா 2.7 கோடி கிட்ட போயிடும். எட்டு வீட்டுக்கு மாசம் முப்பதாயிரம் வாடகை ரெண்டு வருஷம் குடுத்தா 58 லட்சம் கிட்ட. மிச்சம் முப்பது லட்சத்து சொச்சம், அதுலதான் அப்ரூவல், வட்டி, லாபம் எல்லாம். இது நானா வச்ச ரேட், உங்க தெரு ரேட்டப் போட்டுப் பாருங்க, ரோடு அகலமா இருந்தா பிரீமியம் எஃப்எஸ்ஐ காசு கட்டி வாங்கலாம், அப்ப கணக்கு நல்லா வரும். சதுர அடி 8,000க்கு விக்குற ஏரியான்னா பில்டர் வரவே மாட்டார், கட்டற செலவே தேறாது. நடுவுல இருக்கற ஏரியாவுலதான் ஆபத்து, கணக்கு இழுபறியா இருக்கும்போது எங்க கை வைப்பாங்கன்னா வேலைத் தரத்துல, இல்லன்னா பாதியில நிறுத்துவாங்க. அதனால யார் அதிகம் தரேன்னு சொல்றாங்களோ அவங்களுக்குக் குடுக்காதீங்க, அந்தக் கணக்கு அவருக்கு எப்படி நிக்கும்னு கேளுங்க.

இன்னொண்ணு, யூடிஎஸ், அதாவது பிரிக்காத நிலத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு. முன்னாடி எட்டு வீட்டுக்கும் தலைக்கு 600 சதுர அடி நிலம். இடிச்சுக் கட்டின அப்புறம் நாலுல ஒரு பங்கு நிலம் புதுசா வாங்கறவங்களுக்குப் போயிடும், உங்களுக்கு 450. கிரவுண்டு 3 கோடின்னு வச்சா அந்த 150 சதுர அடி 18 லட்சத்து 75 ஆயிரம், புது வீட்டுக்கு நீங்க குடுத்த விலை அதுதான். அது நியாயமான விலையா இருக்கலாம், நான் தப்புன்னு சொல்லல, ஆனா கையெழுத்துப் போடறப்ப தெரிஞ்சு போடுங்க. ஏன்னா அடுத்த தடவ இடிக்க வேண்டி வந்தா அப்பவும் எஃப்எஸ்ஐ ஏறியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, நம்ம பசங்க கைக்காசு போட்டுத்தான் கட்டணும்.

அக்ரிமென்ட்ல ரெண்டு மூணு விஷயம். 500 சதுர மீட்டருக்கு மிகாத இடம், இல்ல எட்டு வீட்டுக்கு மிகாத ப்ராஜெக்ட்னா ரெரா (வீடு வாங்கறவங்களுக்கான ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு கட்டாயம் இல்ல, ரெண்டு கிரவுண்டு 446 சதுர மீட்டர்தான், அதாவது சின்ன ஃபிளாட் முக்கால்வாசியும் ரெரா பாதுகாப்புக்கு வெளிய நிக்குது. அதனால அந்தப் பாதுகாப்ப அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கணும், பேங்க் கேரன்டி, லேட் ஆனா வாடகை தொடரணும், பவர் ஆஃப் அட்டர்னிய பில்டரோட பங்கு நிலத்துக்கு மட்டும் குடுக்கணும், அதுவும் வேலை முடிய முடியக் கொஞ்சம் கொஞ்சமா. யாருக்காவது ஹவுசிங் லோன் பாக்கி இருந்தா பேங்க் என்ஓசி இல்லாம நகராது, அத மொதல்லயே கேட்டு வைங்க.

வித்துட்டுப் போறது பத்தி நிறைய சொல்ல இல்ல. பழைய ஃபிளாட்டுக்கு வர்ற விலை நிலத்தோட விலைதான், பேங்க் வால்யூயர் கட்டடத்தோட மிச்ச ஆயுசப் பாத்து லோனக் குறைப்பார், அதனால வாங்க வர்றவங்க கம்மி. வித்த காசுல நீங்க இன்னொரு ரீசேல் வாங்கினா முத்திரைத்தாள் 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம், 90 லட்சத்துக்கு 8 லட்சத்து 10 ஆயிரம். கட்டிட்டிருக்கற வீடுன்னா ஜிஎஸ்டி 5 சதவீதம் வேற. டாக்டர், கோயில், கூடப் பழகினவங்க எல்லாம் விட்டுட்டு ஓஎம்ஆர் தாண்டிப் போகணும். தூணும் மோசம், பில்டரும் வர மாட்டார், அக்கம்பக்கமும் ஒத்து வராதுங்கற நிலைமையில மட்டும் இது சரி.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாட வீதி பக்கம் அப்பா தாத்தா காலத்து சுண்ணாம்பு வீடு வச்சிருக்கறவங்க மேல சொன்னத எதையும் எடுத்துக்காதீங்க, அது வேற உடம்பு. மெட்ராஸ் டெரஸ்னு சொல்ற அந்தக் கூரையில தேக்கு உத்தரம், அது மேல சின்னச் செங்கல்ல குறுக்கா நிறுத்தி சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லித் தளம். கம்பியே இல்ல, அதனால துருப் பிரச்சினையும் இல்ல. அங்க பாக்க வேண்டியது கரையான், அப்புறம் உத்தரம் சுவத்துக்குள்ள போற முனை, மழைத் தண்ணி இறங்கி மொதல்ல உளுத்துப் போறது அங்கதான். ரொம்ப வேண்டிக் கேட்டுக்கறது, சுண்ணாம்புச் சுவத்து மேல சிமென்ட் பூசாதீங்க. சுண்ணாம்பு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விட்டுடும், சிமென்ட் பூச்சு அத வெளிய விடாம அடைச்சுடும், ஈரம் மேல ஏறி செங்கல்ல அரிக்கும், நல்ல வீட்டக் கெடுக்கறதே இந்த வேலைதான். உளுத்த உத்தரத்த மாத்தி சுண்ணாம்புலயே பூசினா இன்னொரு தலைமுறை தாராளமா இருக்கலாம், என்னைக் கேட்டா 80கள் ஃபிளாட்டவிட அந்த வீட்டோட ஆயுசு மேல எனக்கு நம்பிக்கை அதிகம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கறதுதான் கஷ்டம், செட்டிநாட்டுப் பக்கம் விசாரிங்க.

எங்க பில்டிங் விஷயத்துக்கு வரேன். டெஸ்ட் ரிப்போர்ட் வந்தாச்சு, தூண் எல்லாம் நல்லா இருக்கு, குளோரைடு கம்மி, மேல் தளத்து ஸ்லாபும் கடல் பக்கம் பாத்த சன்ஷேடும்தான் மோசம், அதுக்கும் காரணம் மொட்டை மாடித் தண்ணி. பில்டர் குடுத்த ஆஃபர் நல்ல ஆஃபர்தான், எட்டுல நாலு பேருக்கு அதுமேல இன்னும் ஆசை இருக்கு, ஆனா மூணுல ரெண்டு பங்கு வராததால இப்போதைக்கு முழு ரிப்பேர்னு முடிவு. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு தளம் நல்லா காஞ்சதும் மொட்டை மாடியில ஆரம்பிக்கறோம், மெயின்டனன்ஸ் போக தனியா ஒரு ரிப்பேர் ஃபண்டுக்கு மாசா மாசம் எல்லா வீடும் காசு போட ஆரம்பிச்சாச்சு, அதுல வாடகைக்கு விட்டுட்டு வெளியூர்ல இருக்கற ஓனர்ங்களும் சேந்துட்டாங்க.